எல்லாருக்கும் கேட்கிற மைக்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில், லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, போலீஸ் உதவி மையம் என்று எழுதிய ஓர் அறை உண்டு. உள்ளே ஒரு மேசை. மேசைமேல் வரிசையாக ஐந்து செட். ஒன்று போலீஸ் வயர்லெஸ், ஒன்று தீயணைப்புக்காரர்களுடையது, ஒன்று சுங்கச்சாவடி ரோந்து வண்டியோடு பேசுவது, ஒன்று வனத்துறையுடையது. ஐந்தாவது ஆம்புலன்ஸ்காரர்களைக் கூப்பிடுகிற போன். கணக்குக்கு அதையும் செட் என்றே வைத்துக்கொள்ளுவோம். இந்த ஐந்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பவள் ஏட்டு பாஞ்சாலி.

பேர் இப்படி, மேசை இப்படி என்றால் கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "பேருக்குத் தக்க மாதிரி அஞ்சையும் கட்டிக்கிட்டு அல்லாடுது ஏட்டம்மா" என்று கிண்டல் செய்வார்கள். பாஞ்சாலியும் லேசுப்பட்டவள் இல்லை. "அந்தப் பாஞ்சாலிக்கு வாய்ச்ச அஞ்சு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டாங்க. எனக்கு வாய்ச்ச அஞ்சும் மூஞ்சிகூடப் பாத்துக்காது" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் சொன்னது நிஜம். போலீஸ் மைக்கில் பேசுவது தீயணைப்பு வண்டிக்குக் கேட்காது. தீயணைப்பு வண்டியில் பேசுவது ரோந்து வண்டிக்குக் கேட்காது. வளைவில் ஒரு வண்டி கவிழ்ந்தால் ஒரே சேதியை ஐந்து வாய்க்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். ஊட்டி முடிப்பதற்குள் முதல் வாய் வேறு சேதி கேட்கும். ஒரு முறை போலீஸ் ஜீப் வளைவுக்குக் கீழேயும், ரோந்து வண்டி வளைவுக்கு மேலேயும் நின்றுகொண்டு, இரண்டு தரப்பும் பாஞ்சாலியிடம் "அவங்க எங்கம்மா, இன்னும் காணமே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு பாறைதான். கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை வந்து இவர்களுக்கு அவர்களைக் காட்டியது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது.

பாஞ்சாலிக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டாக வேண்டும். நல்லம்பள்ளியில் பிறந்த வீட்டில் அவள் திருகாத திருகாணி இல்லை. மிக்சி ஏன் கரகரக்கிறது என்று பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபித் தட்டை நீட்டிவிட்டு, "உங்க வண்டி ஏன் நின்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் உறுமுது?" என்று மாப்பிள்ளையையே கேட்டாள். மாப்பிள்ளை குப்புராஜுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றான். இன்றைக்கு அவன் தக்காளி பயிரிட்டுப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறான், அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பாதிக்கு மேல் "தெரியல" என்றே சொல்லிக் குடும்பம் நடத்துகிறான்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஐந்து வழியையும் ஒன்றாகக் கட்டுகிற பெட்டி. எந்தச் செட்டில் பேசினாலும் எல்லாச் செட்டிலும் கேட்கும். பொருத்த வந்த ஆளை அவள் கேட்ட கேள்வியில் அவன் மத்தியானச் சோற்றை மறந்தான். முதல் நாள் தீயணைப்பு நிலைய அலுவலர் அன்பு பேசியது ரோந்து வண்டி முனிராஜுக்குக் கேட்டபோது, முனிராஜ் "அண்ணே, உங்க குரல் இப்படியா இருக்கும்?" என்றான். வருஷக்கணக்காக ஒரே ரோட்டில் சேர்ந்து பிணம் தூக்கியவர்கள், ஒருவர் குரலை ஒருவர் செட்டில் கேட்டது அன்றைக்குத்தான். பாஞ்சாலிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு புதிதாக மாற்றலாகி வந்த டி.எஸ்.பி. மேடத்துக்கும் அதே வழியில் ஒரு செட் கொடுத்தார்கள். நல்ல அதிகாரி, சும்மா சொல்லக்கூடாது. மழையானாலும் வெயிலானாலும் இடத்துக்கு வந்து நிற்பவர். வந்ததும் மைக்கை எடுத்து யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுவார். சொன்னதும் மைக் அமைதியாகிவிடும்.

அந்த அமைதிதான் பிளைவுட் லாரி கவிழ்ந்த அன்றைக்கு ஒரு பையனின் காலைத் தின்றது. க்ளீனர் பையன் பலகைக்கு அடியில் கிடக்கிறான். மேடம் தீயணைப்பு வண்டியைப் பழைய ரோடு வழியாக வரச் சொன்னார். பழைய ரோட்டில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றுபோய்க் கிடந்தது. முனிராஜ் அதைத் தன் கண்ணால் பார்த்திருந்தான். மேடம் சொன்னது அவனுக்கும் கேட்டது. அன்புவுக்கோ அந்த வழி குறுகல், பெரிய வண்டி திரும்பாது என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ரோஜர் மேடம்" என்று மட்டும் வந்தது. வண்டி போய் மாட்டிக்கொண்டு, பின்னால் எடுத்து, சுற்றி வந்து சேர்ந்தபோது பையனுக்கு உயிர் இருந்தது, கால் போயிருந்தது.

பாஞ்சாலி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் தூக்கியிருந்தா கால் இருந்திருக்குங்களா?" என்று கேட்டாள். அடுத்து ஒருவன் அந்த வளைவில் கிடக்கும்போது இதே மாதிரி ஆகக்கூடாது என்பது மட்டும் அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. எல்லாருக்கும் கேட்கிறது, எல்லாராலும் பேச முடியும், அப்படியும் ஏன் பேசவில்லை?

முதலில் அவள் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். மலை மறைக்கிறதோ, பேட்டரி இறங்குகிறதோ, ஒருவர் பேசும்போது இன்னொருவரின் வழி அடைபடுகிறதோ என்று வளைவு வளைவாகப் போய் நின்று பேசிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டது. பெட்டி பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்து ஆட்களைக் கேட்டாள். அன்பு தலையைச் சொறிந்தான். "மேடம் பேசிட்டிருந்தாங்க இல்லீங்க ஏட்டம்மா. அவங்க முடிச்சதும் நான் போயி இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

முனிராஜ் இன்னும் ஒரு படி கீழே இறங்கினான். "அன்பு அண்ணனே கம்முனு இருந்தாரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடுச்சு? நானெல்லாம் டோல்கேட் ஆளுங்க."

இன்ஸ்பெக்டர் மாதவராஜைக் கேட்டபோதுதான் வேடிக்கை. அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. அடிவாரத்தில் நின்று அதட்டினால் மேட்டில் லாரி தானாக ஓரங்கட்டும். கீழே உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட மனிதர், மேடம் செட்டில் வந்துவிட்டால் பொட்டிப் பாம்பாகச் சுருண்டுவிடுவார். "அது டிசிப்ளின்மா. உனக்குப் புரியாது, போ" என்று சொல்லி அவளைத் துரத்திவிட்டார்.

விடை அவளுக்கு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. மாரியம்மன் பண்டிகைக்காக ஊர்க்கூட்டம் போட்டிருந்தார்கள். மைக்செட் யாரிடம் எடுப்பது என்பதில் குப்புராஜுக்கு ஒரு வாரமாக வீட்டில் ஒரே ஆத்திரம். போன வருஷம் மைக்செட் போட்ட ஆள் பாதியில் கழற்றிக்கொண்டு போனவன், அவனிடமே மறுபடி கொடுக்கிறார்களாம். கூட்டத்தில் அதே ஆளின் பேரைத்தான் முதலில் சொன்னார்கள். குப்புராஜ் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு கூட்டம் நடத்துகிறவர் வழக்கம்போல ஒவ்வொரு வீட்டுக்காரராகத் திரும்பி, "உங்க வூட்டுல என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குப்புராஜின் முறை வந்தது. அவ்வளவுதான். போன வருஷத்துக் கதை, அதற்கு முந்தைய வருஷத்துக் கதை, பக்கத்து ஊர்க் கதை என்று கொட்டித் தீர்த்துவிட்டான். மைக்செட் ஆளை மாற்றிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பாஞ்சாலி கேட்டாள். "அந்தப் பேரைச் சொன்னப்பவே எழுந்து சொல்றதுக்கென்ன?"

"கேக்காம எப்படிச் சொல்றது? பெரியவங்க பேசிட்டிருக்காங்க."

"கேட்டா மட்டும்?"

"கேட்டா சொல்லித்தான ஆவணும். கேட்டும் சொல்லலன்னா அதுதான் மரியாதைக் குறைச்சல்."

பாஞ்சாலி நடுரோட்டில் நின்றுவிட்டாள். குப்புராஜ் பயந்துபோய் "என்ன, காலுல முள்ளா?" என்று குனிந்து பார்த்தான்.

மறுநாளே மேடத்தைப் போய்ப் பார்த்தாள். ஒரு ஏட்டு டி.எஸ்.பி.யிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று போலீஸில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். உத்தரவு சொன்னபிறகு ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். மேடம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"யாரும் எதுவும் சொல்லலையேம்மா. சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?"

"இங்க அப்படி இல்லீங்க மேடம். இங்க சொல்லலன்னா, இன்னும் கேக்கலன்னு அர்த்தம்."

பிளைவுட் லாரிப் பையனை மேடமும் போய்ப் பார்த்திருந்தார் என்பது பாஞ்சாலிக்கு அப்போது தெரியாது. "கேளுங்க. நான் பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தரா நீங்களே கேளுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம். மேடம் உத்தரவு சொல்லி முடித்ததும் பாஞ்சாலியின் குரல் வரும். அன்பண்ணே, நீங்க என்ன சொல்றீங்க? முனிராஜு, நீ என்ன சொல்ற? கேட்டதுதான் தாமதம், மடை திறந்தது. வண்டி திரும்பாது, அந்தப் பக்கம் டீசல் கொட்டியிருக்கு, மேல இருந்து வாங்க, கீழ நாங்க பாத்துக்கறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதற்குப் பாஞ்சாலி ரவுண்டு என்று பேரே வந்துவிட்டது. டேங்கர் ஒன்று சாய்ந்த அன்றைக்கு அந்த ரவுண்டில் முனிராஜ் சொன்ன ஒரு வார்த்தையால் போக்குவரத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அவன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

ஒரே ஒருவர் மட்டும் மசியவில்லை. மாதவராஜ் ஐயா என்ன சொல்றீங்க என்று கேட்டால், "மேடம் சொல்றது சரி." எப்போது கேட்டாலும் அதே பதில். மேடம் இன்னும் ஒன்றும் சொல்லாதபோதே ஒரு முறை "மேடம் சொல்றது சரி" என்று சொல்லிவிட்டார். முனிராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் செட்டை அணைத்துவிட்டான்.

பாஞ்சாலிக்கு மறுபடியும் அரிப்பு எடுத்தது. கேட்டால் சொல்லுவார்கள் என்பது எல்லாருக்கும் பலித்தது, இவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை? ஒரு நாள் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள். துரத்துவார் என்று நினைத்தாள். அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. வேற மாவட்டம். மைக்ல பெரிய ஆபீசர் ஒரு வழி சொன்னாரு. அது முட்டுச் சந்துங்கய்யான்னு நான் சொல்லிட்டேன். நான் சொன்னதுதான் சரி. ஆனா அவரு மைக்லயே என்னைப் புடிச்சுக் காய்ச்சுனாரும்மா. நீ யாரு, உங்கப்பன் யாருன்னு. அந்த மாவட்டத்துல இருக்கற எல்லாச் செட்லயும் கேட்டுது. டீக்கடையில போயி நின்னா சிரிக்கறானுங்க. அப்போ போலீசுக்கு மட்டும்தான் கேட்டுது. இப்ப நீ கொண்டாந்து வச்சிருக்கற பொட்டியில ஃபயர் சர்வீஸுக்குக் கேக்கும், டோல்கேட்டுக்குக் கேக்கும், ஃபாரஸ்ட்டுக்குக் கேக்கும். யாருக்குக் கேக்காதுன்னு சொல்லு."

பாஞ்சாலி இதை நினைத்தே பார்த்ததில்லை. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் பெட்டியின் பெருமை. அந்தப் பெருமையே ஒரு மனிதனின் வாயைப் பூட்டிவிட்டது. அவளுக்கு அவர் மேல் முதல் முறையாகப் பரிதாபம் வந்தது. ஆனால் பரிதாபப்பட்டு என்ன செய்வது, நாளைக்கே ஒருவன் வளைவில் கிடந்தால்?

நாளைக்கே இல்லை என்றாலும், ஐப்பசி மழையில் ஒரு காலையில் அது வந்தது. கம்பி லோடு ஏற்றிய லாரி, பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரை இடித்து, மூக்கு பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. க்ளீனர் குதித்துவிட்டான். டிரைவர் கேபினுக்குள் மாட்டிக்கொண்டான். பின்னாலிருந்த கம்பிகள் சரிந்து கேபினுக்குள் புகுந்திருந்தன. வண்டியை அறுக்கிற இயந்திரத்தோடு அன்பு கீழேயிருந்து வந்துகொண்டிருந்தான், ஆனால் நெரிசல். மேட்டில், வளைவுக்குப் பின்னால், கிரேனுக்குப் பக்கத்தில் மேடம் நின்றார். அங்கிருந்து கேபின் தெரியாது. சரிவில் இறங்கிக் கேபினை ஒட்டி நின்றது மாதவராஜ் ஒருவர்தான்.

"மண் இளகுது. வண்டி எப்ப வேணா சரியும். ஃபயர் வண்டிக்குக் காத்திருக்க முடியாது. கிரேனை மாட்டிப் பின்னால இழுக்கறோம்" என்று மேடம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பாஞ்சாலி ரவுண்டு போனாள். அன்பு, வர நேரமாகும் என்றான். முனிராஜ், மேல் ரோட்டை அடைத்துவிட்டேன் என்றான்.

"மாதவராஜ் ஐயா, என்ன சொல்றீங்க?"

"மேடம் சொல்றது சரி."

கிரேன் உறுமுகிற சத்தம் மைக்கில் கேட்டது. கொக்கி மாட்டியாச்சு என்று யாரோ சொன்னார்கள். அப்போது ஒரு செட் திறந்தது. பேச்சு இல்லை. மழைச் சத்தமும், ஒரு மனிதன் மூச்சு வாங்குவதும், அதற்குப் பின்னால் இன்னொருவன் "அம்மா, அம்மா" என்று முனகுவதும் மட்டும் கேட்டது. செட் மூடியது. மறுபடி திறந்தது. மறுபடி மழை.

அது யார் என்று பாஞ்சாலிக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொல்றீங்க என்று கேட்டால் இவர் மறுபடியும் சரி என்றுதான் சொல்லுவார். அபிப்பிராயம் கேட்டால் இந்த மனிதருக்குப் பயம். அப்போது அவள் வாயிலிருந்து, சின்ன வயசிலிருந்து எதைப் பார்த்தாலும் கேட்டுப் பழகிய மாதிரி ஒரு கேள்வி வந்தது.

"ஐயா, அங்க உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுங்க?"

மழை. பிறகு அவர் குரல், ஆளே மாறிப்போன குரல்.

"டிரைவர் தெரியறான். கால் பெடலுக்கு அடியில மடங்கிக் கெடக்குது. கம்பி ஒண்ணு அவன் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவுல பூந்திருக்குது. கம்பியோட மறுமுனை லோடுல இருக்குது. வண்டியைப் பின்னால இழுத்தா லோடு மொத்தமும் முன்னால சரிஞ்சு..." நிறுத்தினார். செட்டை மூடவில்லை. "மேடம், நான் சரின்னு சொன்னது தப்பு. நீங்க சொன்னதும் தப்பு. இழுக்காதீங்க. இழுத்தா ஆள் ரெண்டாப் பிஞ்சிடுவான். நிறுத்துங்க மேடம்."

எல்லாச் செட்டிலும் கேட்டது. ஃபயர் சர்வீஸுக்குக் கேட்டது, டோல்கேட்டுக்குக் கேட்டது, ஃபாரஸ்ட்டுக்குக் கேட்டது. மாதவராஜ் என்ன ஏச்சு வாங்கப் போகிறாரோ என்று பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிரேன், நிறுத்துங்க" என்றார் மேடம். "இன்ஸ்பெக்டர், எனக்கு இங்கிருந்து எதுவும் தெரியல. நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்."

அதற்கப்புறம் அந்த வளைவில் மாதவராஜின் குரல் மட்டும்தான். கிரேன் இழுக்க வேண்டாம், இரும்பு வடத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். முனிராஜைக் கூப்பிட்டு நெரிசலைப் பிரித்து அன்புவின் வண்டிக்கு வழி விடச் சொன்னார். கொஞ்சம் விடு, இன்னும் கொஞ்சம், போதும் என்று கிரேன்காரனுக்கு அங்குலம் அங்குலமாகச் சொன்னார். நடுநடுவே செட்டை மூட மறந்து, டிரைவரிடம், "தம்பி, உம் பேரென்ன, எந்த ஊரு, புள்ளைங்க எத்தன?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது. அன்பு வந்து கம்பியை அறுத்து, பெடலை அறுத்து, ஆளை இறக்கினான். இரண்டு காலோடும் இறக்கினான். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மேடம் மைக்கில் நன்றி என்று மட்டும் சொன்னார்.

பாஞ்சாலி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி வந்தபோது மாதவராஜ் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. துண்டு கொடுத்தாள், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் கேட்டுதாம்மா?" என்றார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்கய்யா."

"மேடத்தைத் தப்புன்னு சொன்னேனே, அதுவும்?"

"அதுவுந்தாங்க."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எடுக்கும்போது கண் சிவந்திருந்தது.

"சரி, கேக்கட்டும்" என்றார்.